பேதையும் மையலும்: திருக்குறளில் அறிவின்மைச் சொற்களின் காதற்பொருள்

முன்னுரை

அறிவிலியைச் சுட்டும் சொல்லே காதலால் நிலைதடுமாறுபவரையும் சுட்டுவது தமிழில் இயல்பு. 'கிறுக்கன்' என்பது வசை. 'அவள்மேல் கிறுக்காகத் திரிகிறான்' என்பதில் அது காதலைக் குறிக்கிறது. பித்து, பைத்தியம் ஆகியனவும் அத்தகையனவே. இவ்வுறவு தற்காலப் பேச்சுவழக்கில் தோன்றியதன்று என்பதைத் திருக்குறளில் பயிலும் பேதை, மையல் என்னும் இரு சொற்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பேதை

பேதைமை என்னும் 84ஆம் அதிகாரத்தின் முதற்குறள் (831) அச்சொல்லுக்கு வரையறை தருகிறது. கேடு பயப்பதை ஏற்று, ஆக்கம் பயப்பதைக் கைவிடுதலே பேதைமை. கற்றுணர்ந்து பிறர்க்கு உரைத்தும் தான் அடங்காதவனைப் பேதையருள் பேதை என்கிறது குறள் 834. எனவே பேதைமை என்பது கல்லாமையன்று. கொள்வதிலும் விடுவதிலும் நேரும் பிழையாகும்.

இவ்வரையறை காமத்துப்பாலிலும் பொருந்துகிறது. நெஞ்சொடு கிளத்தல் அதிகாரத்தில், காதலில்லாத தலைவனை எண்ணி வருந்துவது பேதைமை என்றும் (1242), பரிந்து அருளாமல் பிரிந்தவர் பின்னே செல்லும் நெஞ்சு பேதை என்றும் (1248) தலைவி கூறுகிறாள். பெறுவது துன்பம், இழப்பது அமைதி. ஆகவே காதலில் ஏங்கும் நெஞ்சைப் பேதை என்பது வெறும் உருவகமன்று. 831ஆம் குறளின் நேர்ப்பொருளே.

வேறுபடுவது கூற்று. பொருட்பாலில் பேதை பிறரைப் பற்றிய இகழ்ச்சி. நெஞ்சொடு கிளத்தலில் அது தன் நெஞ்சைத் தானே கடியும் உரிமைச்சொல். குறள் 1084இல் தலைவன் தலைவியைப் பேதை என்னும்போது, அறியாமை அழகாகிப் பாராட்டாகிறது. உலா இலக்கியம் எழுபருவ மகளிருள் முதற்பருவத்தாளைப் பேதை என்பதும் இப்பொருள் வழியினதே எனலாம்.

மையல்

பேதைக்குச் செல்வம் வாய்த்தல், மையலுற்ற ஒருவன் கள்ளுண்டு களித்தல் போன்றது என்கிறது குறள் 838. இங்கு மையல் என்பது பித்து. காதற்குறிப்பு சிறிதும் இல்லை. இன்றைய எழுத்துவழக்கில் மையல் பெரிதும் காதல் மயக்கத்தையே குறிப்பதால், அப்பொருளைக் கொண்டு இக்குறளைப் படிப்பவர் உவமையைத் தவறவிடுவர். முன்பே பித்தனாகிய ஒருவன் மதுவாலும் மயங்குவதே அவ்வுவமையின் ஆற்றல்.

முடிவுரை

பேதை என்னும் சொல்லில் அடிப்படைப்பொருள் நிலைத்திருக்க, கூறுபவரும் கூறப்படுபவரும் மாறுவதால் இகழ்ச்சி இரக்கமாகவும் பாராட்டாகவும் திரிகிறது. மையலில் ஒரு பொருள் தேய்ந்து மற்றொன்று வலுப்பெற்றுள்ளது. அகராதியில் அறிவின்மை, காதல் எனப் பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துவதால் மட்டும் இவ்விருவகை மாற்றங்களும் புலப்படா. இத்தகைய சொற்களுக்குப் பொருளுரைப்போர், அவை யார் கூற்றில் யாரை நோக்கி வருகின்றன என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.