ஏடும் அதனை ஓதினோரும்

வேலூர், ஆம்பூர்ப் பகுதியிலுள்ள அன்பர்க்குப் பதனிட்ட தோல் என்றவுடன் செருப்பும் பையுமே நினைவிற்கு வரும். யூதர்க்கோ அது மறையேடு. தொழுகைக்கூடத்தில் ஓதப்பெறும் அவர்தம் தோரா இன்றும் தோற்சுருளிலேயே எழுதப்பெறுகின்றது. ஓலையாயினும் தோலாயினும், ஓதினோர் மாய்ந்தபின் எஞ்சிய எழுத்தைக்கொண்டு அவரை அறிதல் கூடுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இயேசுவை மெசியா எனக் கொண்டும் மோசேயின் விதிகளைக் கைவிடாத யூதருள் ஒருசாரார் எபியோனர் எனப்பட்டனர். எபிரேயத்தில் அச்சொல் வறியர் எனப் பொருள்படும். கி. பி. 180 அளவில் எழுதிய இரேனேயுஸ், இவர் மத்தேயுவின் சுவிசேஷம் ஒன்றனையே கொள்வர், பவுலை ஏலார் என்கின்றார். இவருடையதாகச் சொல்லப்பெறும் சுவிசேஷம் முழுமையாய்க் கிடைத்திலது. 4-ஆம் நூற்றாண்டில் இவரை மறுக்கப்புகுந்த எபிபானியுஸ் எடுத்துக்காட்டிய சில பகுதிகளே உள்ளன. மறுத்தார் கையிற்பட்டதனாலேயே அவை பிழைத்தன.

அப்பகுதிகளுள் ஒன்று சைவர்க்குச் சுவை பயப்பது. யோவான் ஸ்நானகன் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டான் என்பது மத்தேயுவின் கூற்று. இவ்வேட்டிலோ வெட்டுக்கிளி இல்லை. தேன் மட்டும் உண்டு, அதன் சுவையும் எண்ணெயிற் செய்த அப்பத்திற்கு ஒப்பிடப்பெறுகின்றது. கிரேக்கத்தில் வெட்டுக்கிளி 'அக்ரிஸ்', அப்பம் 'எங்க்ரிஸ்'. புலால் மறுத்தோர் கைபட்ட ஏடு இஃதென ஊகித்தல் தகும். இச்சொல்விளையாட்டுக் கிரேக்கத்திலன்றி அமையாதாகலின், ஏடும் கிரேக்கத்திலேயே இயன்றதென்க.

இஃது நம் நாட்டைப் பற்றிய ஒரு செய்திக்கும் பயன்படும். அலெக்சாந்திரியாவின் ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியாவிற்குச் சென்று, பர்த்தலமேயு விட்டுச்சென்ற எபிரேய எழுத்து மத்தேயுவை அங்குள்ளாரிடம் கண்டார் என்று ஒரு வழக்கை யூசேபியுஸ் குறித்துள்ளார். பழைய கிரேக்கர் தென்னரபியாவையும் எத்தியோப்பியாவையும் இந்தியா என்றதுண்டு. அதனை விடுத்து நம் நாடென்றே கொள்ளினும், எபிரேய எழுத்தைக் கண்டமாத்திரத்தே அவரை எபியோனர் எனத் துணிதல் பொருந்தாது. எபிபானியுஸ் கண்ட ஏடு கிரேக்கமன்றோ! ஓர் ஏட்டிற்கு ஒரு கூட்டம் என வகுப்பது எளிது. உண்மை அத்துணை எளிதன்று.

இவ்வெச்சரிக்கை நமக்கும் உரியது. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஆசீவகரை மறுக்கின்றார். அவர் எடுத்துக்கொண்டது கொள்கை. அதனை மறுத்தற்கு அக்கொள்கையினர் எவ்வூரில் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பது வேண்டியதன்று. ஆகவே பரபக்கம் ஒன்றனையே ஓதுவார்க்கு ஆசீவகர் வெறுங் கோட்பாடாய்த் தோன்றுவர். ஆயின் வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தின் அருகே பொய்கை என்னும் ஊரில், மூன்றாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள. அவையும் அந்நூற்றாண்டினவே. அவற்றின் வரிப்பெயர்களுள் 'ஆசுவிகள் காசு' என ஒன்று வருகின்றது. ஆசுவிகள் ஆசீவகரே என்பது அவற்றைப் பதிப்பித்த ஹுல்ட்சின் கொள்கை. அது மெய்யாயின், ஆசிரியர் மறுத்துக்கொண்டிருந்த நாளில் பாலாற்றங்கரையில் அவர்கள் வரி செலுத்திக் குடியிருந்தனர்.