பூட்டு மட்டும் போதுமா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைக்காரர்களுக்குக் கால் வீட்டில் தங்காது. மீனாட்சி கல்யாணம், தேர், எதிர்சேவை, சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதை ஒட்டியே குழந்தைகளுக்கு முழுப்பரீட்சை லீவு. பிறந்த வீடு, குலதெய்வம் கோயில், கொடைக்கானல் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுகிறோம். வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் இருக்கிற வீடுகூட இந்த நாட்களில் பூட்டிக் கிடக்கும். இது நமக்குத் தெரிந்த மாதிரியே திருடனுக்கும் தெரியும்.

நாம் என்ன செய்கிறோம்? பெரிதாக ஒரு பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, "மீனாட்சி, நீதாம்மா பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். சாமியும் வேண்டும், பூட்டும் வேண்டும். ஆனால் அதற்கு மேலும் நம் கையில் சில காரியங்கள் இருக்கின்றன சகோதரிகளே. அவற்றில் பலவற்றுக்குக் காசே செலவில்லை.

பூட்டும் நாதாங்கியும்

பூட்டு என்றதும் நமக்கெல்லாம் திண்டுக்கல்தான் நினைவுக்கு வரும். அங்கே கையாலேயே செய்யும் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் செய்த மாங்காய்ப் பூட்டு, சாவி போட்டுத் திருப்பினால் மணி அடிக்கிற மணிப்பூட்டு என்று எத்தனையோ ரகம். பூட்டுக்குள்ளே லிவர் என்கிற தகடுகள் அடுக்காக இருக்கும். சரியான சாவி போட்டால்தான் ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்கு எழும்பி வழி விடும். தகடுகள் கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கஷ்டம். விலை மலிவு என்று தெருவோரத்தில் வாங்கும் பூட்டில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

திண்டுக்கல்லில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தாயீ, பூட்டு எம்புட்டு நல்லாருந்தாலும் நாதாங்கி ஆடுச்சுன்னா பிரயோஜனம் இல்ல. திருடன் பூட்டத் தொடவே மாட்டான். கம்பியக் குடுத்து ஒரு நெம்பு நெம்புனா நாதாங்கியோட கையில வந்துரும்."

எவ்வளவு உண்மை! வீட்டுக்குப் போய் உங்கள் கதவைப் பாருங்கள். நாதாங்கியும் கொண்டியும் வெறும் சின்னத் திருகாணியில் நிற்கிறதா? அதை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு உட்பக்கம் நட்டு வைத்து முறுக்கச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை. வாசல் கதவைத் தேக்கில் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைப் பலகையில் போடுவது நம் வழக்கம். திருடன் பெரும்பாலும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பான். மொட்டைமாடிக் கதவு, குளியலறைக் காற்றுப் போக்கி, கம்பி ஆடுகிற ஜன்னல் மூன்றையும் ஒரு நாள் சாவகாசமாகச் சோதித்துப் பாருங்கள். வெள்ளையடிக்க வாங்கிய ஏணியைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தால், அதையும் உள்ளே எடுத்துப் போடுங்கள்.

கோலம் இல்லாத வாசல்

திருடனுக்கு முதலில் வேண்டியது ஆளில்லாத வீடு. அதைக் கண்டுபிடிக்க அவன் சிரமப்பட வேண்டாம். நம் வீட்டு வாசலே அவனிடம் சொல்லிவிடும்.

மதுரைத் தெருக்களில் காலையில் ஒரு நடை நடந்து பாருங்கள். எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் இருக்கும். ஒரு வீட்டில் மட்டும் முந்தாநாள் கோலம் கலைந்து, மண் காய்ந்து, பேப்பர் இரண்டு சுருண்டு கிடக்கும். வேறு என்ன அடையாளம் வேண்டும்? கேட்டில் வெளிப்பக்கம் தொங்குகிற பூட்டு, பட்டப்பகலிலும் எரிகிற வாசல் விளக்கு, கொடியில் மூன்று நாளாகக் காய்கிற துணி எல்லாமே அதே சேதியைத்தான் சொல்கின்றன.

ஆகவே ஊருக்குப் போகும்முன் பாலையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். கேட்டுப் பூட்டை உட்பக்கம் திரும்பும்படி போடுங்கள். பொழுது சாய்ந்தால் தானே எரிந்து, விடிந்தால் அணைகிற விளக்கு இப்போது கடைகளில் கிடைக்கிறது. கொடைக்கானலில் எடுத்த போட்டோவை அங்கே இருக்கும்போதே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். திரும்பி வந்து போட்டாலும் படம் அழகாகத்தான் இருக்கும்!

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊருக்குப் போனாலும் அவர்கள் வாசலுக்குப் பக்கத்து வீட்டார் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போடுவோம். முதன்முதலில் இதைத் தொடங்கியவர் எதிர்வீட்டு மதினிதான். "நீ கவலப்படாமப் போயிட்டு வா. என் வாசலுக்கு ரெண்டு வாளி தெளிக்கயில ஒன் வாசலுக்கும் ஒரு வாளி. இதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். பத்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. போகிறவர் மதினியிடம் ஒரு போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போவார். மாடியில் சத்தம் கேட்டால் உடனே கூப்பிட்டுக் கேட்கலாம் அல்லவா?

பக்கத்து வீட்டோடு காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும் என்று தெரிவித்தால், ரோந்து வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் காவல்துறையே இப்படிச் சொல்லிவிட்டுப் போகும்படி மக்களைக் கேட்டுக்கொள்கிறது. வசதி இருப்பவர்கள் கண்காணிப்புக் கேமராவும் வைக்கலாம். ஆனால் படம் பதிவாகிற பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்கு மறைவான இடம் பாருங்கள்.

பீரோ மேல் பீரோ சாவி

வாசல் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும், மீட்டர் பெட்டியிலும், செருப்பு அலமாரியிலும் வைப்பது நமக்குப் பழக்கம். இந்த மூன்று இடமும் ஊருக்கே தெரிந்த ரகசியம். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைக்கிற வீடுகளைப் பற்றி என்ன சொல்ல! கதவை உடைத்து வருகிறவனுக்கு மிச்ச வேலையையும் நாமே முடித்துக் கொடுத்த மாதிரி. அரிசி டப்பா, சாமி அறை, புடவை அடுக்கு எல்லாம் அவன் முதலில் கலைத்துப் பார்க்கிற இடங்கள்.

தினம் போடாத நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும. ரிசர்வ் வங்கி கொண்டு வந்து 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வங்கியில் திருட்டு, கொள்ளை, தீ விபத்து அல்லது ஊழியர் மோசடியால் லாக்கர் பொருள் போனால், வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்ச ரூபாய். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குப் பொதுவாக வங்கி பொறுப்பேற்காது.

வீட்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பவர்களும் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு விபத்து நடந்த 7 நாட்களுக்குள் அதையொட்டி நடக்கிற திருட்டுக்குத்தான் அதில் ஈடு உண்டு. சாதாரணமாகப் பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு நகையும் எத்தனை கிராம், எந்த வருஷம் வாங்கியது, பில் எங்கே இருக்கிறது என்று எழுதி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக 6 இலக்கக் குறி இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பறிபோன நகை கிடைக்கும்போது "இது என்னுடையதுதான்" என்று காட்ட அந்த நோட்டுத்தான் சாட்சி.

பகலில் வருகிறவர்கள்

திருட்டு ராத்திரியில் மட்டும் நடப்பதில்லை. வீட்டுக்காரர் ஆபீசுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, பதினோரு மணிக்கு ஒருவர் வந்து நிற்பார். "அம்மா, நகைக்குப் பாலிஷ் போடறோம், இலவசம்" என்பார். அவர் முக்கி எடுக்கிற தண்ணீரில் இருப்பது தங்கத்தையே கரைக்கிற அமிலம். நகை பளபளவென்று வரும், எடை குறைந்திருக்கும். கேஸ் அடுப்புச் சோதனை, தண்ணீர்ச் சோதனை என்று வருகிறவர்களிடம் கிரில்லைத் திறக்காமலே அடையாள அட்டை கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். "அப்பா ஊரில் இல்லை" என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நடந்துவிட்டால்

திரும்பி வரும்போது பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்று 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். ராத்திரி தூக்கத்தில் சத்தம் கேட்டால் எதிரே போய் நிற்க வேண்டாம். குழந்தைகளோடு ஒரு அறையில் உள்தாழ்ப்பாள் போட்டு, போன் செய்து, கூச்சல் போடுங்கள். நகை போனால் வாங்கலாம்.

இறைந்து கிடக்கிற துணியைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது, மடித்து வைக்கத் தோன்றும். போலீஸ் வருகிறவரை எதையும் தொடாதீர்கள். பீரோக் கதவில் இருக்கிற கைரேகையைத் துடைத்துவிட்டால் திருடனுக்கு நாமே உதவி செய்தவர்களாவோம். 1897-லேயே கல்கத்தாவில் கைரேகைக்கென்று அலுவலகம் தொடங்கிய நாடு நம் நாடு. புகார் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

யார் மேல் சந்தேகம்?

கைரேகை நம் மதுரைப் பக்கத்தில் வேறொரு கதையும் சொல்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தையே திருட்டுக் கூட்டம் என்று முத்திரை குத்தி, ஆண்களைக் கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து கிடக்கச் சொன்னார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. செய்தவன் யார் என்று தேடாமல், பிறப்பை வைத்துப் பழி போட்டால் எதில் போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

சட்டம் போனாலும் அந்தப் புத்தி சில வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒரு பொருள் காணோம் என்றதும் முதலில் நம் கண் யார் மேல் போகிறது? பாத்திரம் தேய்க்கிற அம்மா மேல்தானே!

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் மூன்று பவுன் சங்கிலி காணாமல் போயிற்று. ஒன்பது வருஷமாக வேலை செய்தவரை வாசலில் நிறுத்தி, பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் அன்று ஊரில் இல்லை, வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எட்டாம் நாள் பட்டுப் புடவை மடிப்புக்குள்ளிருந்து சங்கிலி விழுந்தது. வீட்டம்மாள் பொழுது சாய்ந்த பிறகு பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா பழத்தைத் தொடவில்லையாம். "அன்னைக்குத் தெருவே பாத்துச்சு. இன்னைக்கு இருட்டுன பெறகு நீங்க மட்டும்தான வந்திருக்கீக" என்றாராம். இப்போது அவர் வேறு தெருவில் வேலை பார்க்கிறார்.

அந்த வீட்டில் நகைக் கணக்கு நோட்டு ஒன்று இருந்து, கடைசியாக எந்தப் புடவையோடு சங்கிலியைப் போட்டுக் கழற்றினோம் என்று நிதானமாகத் தேடியிருந்தால் இந்தப் பாவம் சேர்ந்திருக்காது. உண்மையிலேயே திருட்டு என்று தோன்றினால் விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது. பையைக் கொட்டச் சொல்லும் அதிகாரம் நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். தெருவில் புதிதாக ஒரு ஆள் இரண்டு நாளாகச் சுற்றுவது முதலில் யார் கண்ணில் படுகிறது? வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, பால்காரத் தம்பி இவர்கள் கண்ணில்தான். நாம் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே நடமாடுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசி, "யாராவது புதுசா நின்னாச் சொல்லுங்க" என்று கேட்டு வைத்தால், சம்பளம் இல்லாத காவல் நம் தெருவுக்குக் கிடைத்துவிடும்.

நல்ல பூட்டு வாங்குங்கள், நாதாங்கியை இறுக்குங்கள். இந்த லீவுக்குக் கிளம்பும் முன் எதிர்வீட்டு மதினியிடமோ அத்தாச்சியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது நீங்களும் அவர்கள் வாசலுக்கு ஒரு வாளி தண்ணீர் தெளியுங்கள்.