பாலையூற்றிலிருந்து பனியாற்றுக்கு

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில், பாலையூற்றில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நம்மவருள் பலர் அறிந்த குளிரெல்லாம் நுவரெலியாக் குளிரே. எனினும், தென்கயிலை என்று போற்றப்படும் கோணேசர் கோயிலின் அயலிலே வாழ்வோருக்கு வடதிசைப் பனிமலைமீது என்றும் ஒரு கண் உண்டு. கங்கை பிறக்கும் பனியாற்றின் வழியே நடந்து, கணவாய் ஒன்றைக் கடந்து, பத்ரிநாத்தில் இறங்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை ஒருவன் விருப்பம் தெரிவிக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அன்னையார் முதலிற் கேட்கும் கேள்வி, "என்னென்ன கொண்டு போகப் போறாய், தம்பி?" என்பதாகவே இருக்கும். அது நல்ல கேள்வி. அதற்கு நாம் அறிந்த அளவில் விடை கூற முயல்வோம்.

செல்லும் வழியை முன்னர் அறிதல் வேண்டும். டில்லியிலிருந்து அரித்துவாரம், உத்தரகாசி வழியாகக் கங்கோத்திரி வரை வாகனம் செல்லும். அங்கிருந்து கோமுகம் பதினெட்டுக் கிலோமீட்டர் நடை. பாகீரதி நதி பனிக்கட்டிக் குகையொன்றிலிருந்து பீறிட்டு வெளிவரும் இடம் அதுவே. அதற்கு மேலே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கங்கோத்திரிப் பனியாறு கிடக்கின்றது. கோமுகத்தைக் கண்டு திரும்பும் யாத்திரிகர் பலர். பனியாற்றின் மேலேறி, நந்தனவனம், வாசுகி ஏரி ஆகியவற்றைக் கடந்து, 5,947 மீட்டர் உயரமுள்ள காளிந்திக் கணவாயைத் தாண்டி, அர்வாப் பள்ளத்தாக்கு வழியே பத்ரிநாத்தை அடைவோர் மிகச் சிலர். நடை மட்டும் ஒன்பது பத்து நாள் பிடிக்கும்.

இனி, நம் நாட்டு மலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். கங்கோத்திரியோ 3,000 மீட்டருக்கு மேல். அதாவது, நடை தொடங்கும் இடமே நம் நாட்டின் உச்சியிலும் உயர்ந்தது. சிவனொளிபாத மலையின் ஆயிரக்கணக்கான படிகளை மும்முறை ஏறியிறங்கியவனுக்குக் காலுரம் வாய்த்திருக்கலாம். மெலிந்த காற்றிலே வாழும் பழக்கம் வாய்த்திராது. காளிந்தியின் உச்சியில் காற்றின் அழுத்தம் திருகோணமலைக் கடற்கரையில் உள்ளதிற் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைந்துவிடும்.

ஆகையால், மூட்டையில் முதன்முதலாக எடுத்துவைக்க வேண்டிய பொருள் நாள்களே என்போம். உடல் தன் குருதியையும் மூச்சையும் உயரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையது; ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, முதல் நாள் உறங்கிய இடத்தினும் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மறுநாள் உறங்கலாகாது என்றும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு நாள் ஏறாது தங்கவேண்டும் என்றும் மலை மருத்துவ வல்லுநர் விதித்துள்ளனர். பகலில் உயர ஏறிப் பார்த்துவிட்டு இரவில் இறங்கி உறங்குவதில் தவறில்லை. கங்கோத்திரியிலிருந்து ஒரே நாளில் போஜ்பாசாவுக்குச் சென்று தங்குவோர் ஏறத்தாழ எழுநூறு மீட்டரை ஒரே மூச்சில் தாண்டிவிடுகின்றனர். இடையே சீர்பாசாவில் ஓரிரவு கழிப்பதால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. உத்தரகாசியிலிருந்து ஏறும்போதும் ஹர்சிலில் ஓரிரவு தங்கிச் செல்வது நன்று.

தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, காரணமில்லாச் சோர்வு ஆகியன மலைநோயின் முதல் அறிகுறிகள். அவை தணியும்வரை மேலே ஏறக்கூடாது. ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியிற் பொருத்தி நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினாலும், ஓய்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலும், அது மூளையையோ நுரையீரலையோ பற்றிய ஆபத்து. அந்நேரமே, இரவாயினும், அவரைக் கீழே இறக்குதல் வேண்டும். அசெட்டசோலமைட் என்னும் மாத்திரை உடல் பழகுவதற்குத் துணைசெய்யும். அதனைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டே பெறவேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் தவறாது கூறவேண்டும்.

உடை விடயத்தில் நம்மவர் கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நம்மூரில் முப்பது பாகையாக இருக்கையில் காளிந்தியில் பூச்சியத்துக்குக் கீழே எட்டொன்பது பாகை என்று மாணாக்கர் தாமே கணக்கிடலாம். இரவிலும் காற்றிலும் குளிர் இன்னும் கடுமையாகும். இங்கே நமக்கு உற்ற தோழனாகிய பருத்தி அங்கே பகைவனாகிவிடுகின்றது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடலின் சூட்டைப் பறித்துவிடும். எனவே உடலைத் தொடும் ஆடை கம்பளி நூலாலோ செயற்கை நூலாலோ ஆனதாயிருக்க வேண்டும். அதன்மேல் தடித்த கம்பளிச் சட்டை, அதன்மேல் இறகு நிரப்பிய மேற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றும் நீரும் புகாத அங்கி என அடுக்கடுக்காக அணிதல் முறை. ஒரே தடித்த கோட்டை வாங்கிவைத்துக்கொண்டு ஏறும்போது வியர்த்தும் நிற்கும்போது விறைத்தும் துன்புறுவோரைப் போல் ஆகவேண்டாம்.

சப்பாத்து புதிதாயிருத்தல் ஆகாது. இரு மாதமேனும் அணிந்து, சுமையோடு கோணேசர் கோயில் மேட்டிலும் உப்புவெளி மணலிலும் நடந்து பழக்கியிருக்க வேண்டும். காலுறைகளுள் ஒரு சோடியை உறங்குவதற்கென்றே உலர்வாக ஒதுக்கிவைத்தல் நலம். கறுப்புக் கண்ணாடியை ஆடம்பரம் என்று எண்ணி விட்டுச் செல்வோர், புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி எறிவதை அறியாதவர். சில மணி நேரத்தில் கண் எரிந்து பார்வை மங்கிவிடும்.

அன்னையாரின் பகுதிக்கு வருவோம். உயரம் கூடக்கூட நீர் கொதிக்கும் வெப்பநிலை குறைகின்றது. காளிந்தியின் அருகே நீர் எண்பது பாகையளவிலேயே கொதித்துவிடும். பானை குமுறும், அரிசியோ அரைவேக்காட்டிலேயே கிடக்கும். துவரம்பருப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் இக்குறை நீங்கும். இல்லையேல் வேகவைக்க வேண்டாத உணவே வேண்டும். இவ்விடத்தில் நம் வீட்டு அடுக்களை எந்த அயல்நாட்டு டப்பா உணவுக்கும் தோற்காது. சத்துமா, வறுத்த அவல், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், பனங்கட்டி ஆகிய யாவும் பாரம் குறைந்தவை, கெடாதவை, வலுவூட்டுபவை. சுக்கும் மல்லியும் இடித்த கோப்பித் தூள் ஒரு பொதி இருக்கட்டும். பசி மந்தமாகும் உயரத்தில், பழகிய சுவையே வாயைத் திறக்கச் செய்யும். ஆனால் திருகோணமலைக் கருவாட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்க. கங்கோத்திரி சைவ உணவே வழங்கும் திருத்தலம்.

நாளொன்றுக்கு மூன்று நான்கு லீற்றர் நீர் அருந்துதல் வேண்டும். மேல் முகாம்களில் பனியை உருக்கியே நீர் பெற வேண்டியிருப்பதால், சமையலுக்குக் கணக்கிட்ட எரிபொருள் போதாது. விமானத்தில் எரிபொருள் ஏற்ற இடமில்லை. உத்தரகாசியிலேயே வாங்குதல் வேண்டும்.

பனிக்கோடரி, சப்பாத்தின் அடியிற் பூட்டும் இரும்பு முள்ளாகிய கிராம்பன், இடுப்பு வார், கயிறு ஆகியவற்றை வாங்கிக் குவிப்பதற்கு முன், அவற்றைக் கையாளக் கற்றல் வேண்டும். பனியாற்றின் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. அவற்றின் வாயை மெல்லிய பனி மூடியிருக்கும். அதனாலேயே ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பனி இறுகியிருக்கும் விடியற்பொழுதில் கடக்கின்றனர். 1965இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவகம் இக்கலையை முறையாகப் பயிற்றுகின்றது. பயிற்சி இல்லாதவர் தக்க வழிகாட்டி இன்றி இவ்வழியை நினைக்கவே கூடாது.

கூலிக்குச் சுமை தூக்குவோரின் சப்பாத்து, கண்ணாடி, போர்வை ஆகியவற்றையும் பார்த்தே புறப்படல் வேண்டும். நம் மூட்டையைச் சுமப்பவர் கிழிந்த துணிச் சப்பாத்துடன் பனியில் நிற்க நாம் நான்கடுக்கு ஆடையில் நிற்பது நமக்கு அழகன்று.

இவ்வழி எல்லைப்புறத்துக்கு அண்மையிற் செல்வதால் இந்திய அரசின் அனுமதிகள் தேவை. அவற்றுக்கான காலத்தைப் பல மாதம் முன்னரே ஒதுக்குக. செய்மதித் தொலைபேசியை இந்தியாவுக்குள் அனுமதியின்றிக் கொண்டு செல்வது குற்றமாகும். நல்ல எண்ணத்தோடு கொண்டு சென்ற அயல்நாட்டவரும் இதனாற் கைதாகியுள்ளனர்.

2024 ஜூன் மாதத்தில் கர்நாடகத்திலிருந்து உத்தரகாசிப் பகுதியிலுள்ள சகஸ்திர ஏரிக்குச் சென்ற குழுவினர் பனிப்புயலில் அகப்பட்டு, ஒன்பதின்மர் மாண்டனர். 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் தராலியிற் பாய்ந்த வெள்ளம் கங்கோத்திரிச் சாலையையே துண்டித்தது. வானிலைக்கும் சாலைக்குமாக நாலைந்து நாள் கூடுதலாக வேண்டும் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

நாள் இருந்தால் மட்டும் போதாது. திரும்பும் மனமும் வேண்டும். திருநாவுக்கரசர் கயிலை நோக்கிச் சென்று, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் உந்தி, ஈற்றிலே திருவருளால் திருப்பியனுப்பப்பட்ட வரலாற்றைச் சேக்கிழார் பாடியுள்ளார். நம் நாட்டு யொஹான் பீரிஸ் 2016 மே மாதத்தில் எவரெஸ்டில் 8,400 மீட்டர் வரை ஏறி, பிராணவாயுக் கருவி இடர்செய்ததால் இறங்கினார். அவரோடு சென்ற ஜயந்தி குரு உதும்பால அம்முறை உச்சியை அடைந்து, எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையரானார். பீரிஸ் 2018 மே மாதத்தில் மீண்டும் சென்று, உச்சியில் நின்றார்.

ஆகவே, கொழும்புக்கு மீளும் விமானச் சீட்டை நடை முடியும் நாளுக்கு மறுநாளே எடுத்துவைக்க வேண்டாம். கணவாயின் அடியிலே முகில் கவிந்திருக்கும்போது, சட்டைப் பையிலுள்ள அச்சீட்டு "ஏறு, ஏறு" என்று நச்சரிக்கும். ஐந்தாறு நாள் தள்ளி எடுத்தால், எஞ்சிய நாள்களில் பத்ரிநாத்துக் கோயிலடியிலுள்ள வெந்நீர்க் குண்டத்தில் நீராடி உடல்வலி தீர்க்கலாம். கன்னியா வெந்நீரூற்றின் அயலிலே வளர்ந்த பிள்ளைக்கு அங்கே ஊர் நினைவு வராதிராது.