ஓரமா போங்க சார், குதிரைவாலி காயுது!

அருப்புக்கோட்டை டு திருச்சுழி. தினமும் பைக்கில் ஆபீஸ் போய் வருகிறேன். காலையில் கிழக்கே போகணும். சூரியன் நேராக மூஞ்சியில் அடிப்பார். சாயங்காலம் மேற்கே திரும்பணும். அப்போதும் அவரே எதிரில் நிற்பார்! எதிரே வருகிறவனைப் பார்த்து லைட்டை டிம் பண்ணத் தெரியாத ஆசாமிகள் லிஸ்ட்டில் நம்பர் ஒன் அவர்தான். நம்பர் டூ... ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதிரே வருகிற எல்லோரும்!

திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். 'நான் யார்?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளச் சொன்னவர். எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டினால் அந்த சிரமமே வேண்டாம். ராங் சைடில் வந்து உரசுகிறவரே வண்டியை நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்பார்: "யார்ரா நீ?"

சென்னைக்காரர்கள் டிராஃபிக் ஜாம் பற்றிப் புலம்பும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அங்கே ரோட்டில் இருப்பதெல்லாம் வண்டிதானே சார்! இங்கே அடுத்த வளைவில் என்ன நிற்கும் என்று ஜோசியக்காரரால்கூட சொல்ல முடியாது. வளைவே முதலில் தெரியாது. சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும். அதில் ஒரு முள் உதிர்ந்து ரோட்டில் கிடந்தால் போதும், அன்றைக்கு பஞ்சர் கடைக்காரருக்கு முதல் போணி நான்தான். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் ஒன்று உண்டு. அதை வயிற்றால்தான் கண்டுபிடிக்க முடியும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். கரிசல் மண் மட்கார்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி நகராது. குச்சியை வைத்து அரை மணி நேரம் நோண்டணும். மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச் சாலைக்குப் போய்விட்டால் நிம்மதி என்று நினைக்கிறீர்களா? அங்கே, 'யூ டர்ன் ரொம்ப தூரம்ணே' என்று சிரித்துக்கொண்டே எதிர்த்திசையில் டிவிஎஸ் 50-ல் ஒருவர் வருவார். பின்னால் புல்லுக்கட்டு. அதற்கும் பின்னால் வீட்டம்மா!

ஆடுகளைச் சொல்ல மறந்துவிட்டேனே. செம்மறிக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் அடித்துப் பாருங்கள். ஒரு ஆடும் நகராது. ஆட்டுக்காரர் மட்டும் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். "செத்தப் பொறு தம்பி. வாயில்லாச் சீவன், அதுகளுக்கு என்ன தெரியும்?" என்பார். எனக்குத் தெரியும் என்பதால் நான் பொறுக்கணும். என்ன நியாயம் பாருங்கள்!

அந்த ஐந்து நிமிஷத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன். கூகுள் மேப்பில் எங்கள் ரோடு பச்சைப் பசேலென்று இருக்கும். 'போக்குவரத்து சீராக உள்ளது' என்று அர்த்தம். எதிரே நானூறு ஆடு நிற்கிறது ஐயா!

காரணம் ரொம்ப சிம்பிள். ரோட்டில் போகிறவர்களின் போன்கள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துத்தான் அந்தப் பச்சை, சிவப்பு எல்லாம். ஜெர்மனியில் சைமன் வெக்கர்ட் என்று ஒரு கலைஞர் இதை வைத்து ஒரு வேடிக்கை பண்ணினார். 2020 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஒரு கைவண்டியில் 99 பழைய செல்போன்களைப் போட்டு, எல்லாவற்றிலும் மேப்பை ஆன் பண்ணி, பெர்லின் தெருக்களில் காய்கறி விற்கிறவர் மாதிரி ஹாயாக இழுத்துக்கொண்டு போகிறார். தெரு காலி. மேப்பில் மட்டும் சிவப்பு! 'அடேங்கப்பா, 99 கார் ஊர்ந்து போகிறது' என்று மேப் நினைத்துக்கொள்கிறது. கூகுளின் பெர்லின் ஆபீஸ் வாசலிலேயே இழுத்துக்கொண்டு போனார் என்பதுதான் குசும்பு.

ஆளில்லாத தெருவில் 99 போன் போனால் ஜாம். எங்கள் ஊரில் 400 ஆடு போனால் பச்சை. ஆட்டுக்கு ஆளுக்கொரு போன் கட்டிவிட்டால்தான் சரிப்படும் போலிருக்கிறது.

மேப் விஷயத்தில் வெள்ளைக்காரர்களும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். இத்தாலியில் காப்ரி என்று ஒரு அழகான தீவு இருக்கிறது. 2009-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு தம்பதி, காரிலிருந்த வழிகாட்டிக் கருவியில் ஓர் எழுத்தை இடம் மாற்றி 'கார்ப்பி' என்று அடித்துவிட்டார்கள். கார்ப்பி என்பது வடக்கே, சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தொழிற்சாலை ஊர். அங்கே போய் இறங்கி, டூரிஸ்ட் ஆபீஸில், 'கடல் குகை எங்கே இருக்கு?' என்று கேட்டிருக்கிறார்கள். தீவுக்குப் போகிறோமே, வழியில் ஒரு பாலம்கூட வரவில்லையே, படகுகூட ஏறவில்லையே என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையாம்!

ரொம்பச் சிரிக்காதீர்கள். என் ஃப்ரெண்டின் மச்சான் ஒருத்தர். மதுரையிலிருந்து திருச்சுழிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். போனில் 'திருச்' வரைக்கும்தான் அடித்தார். மீதியை அதுவே காட்டியது. தொட்டார், கிளம்பினார். மேலூரில் டீ குடிக்க இறங்கியபோதுதான், "திருச்சுழிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர், "எந்தத் திருச்சுழி? இது திருச்சி ரோடுண்ணே" என்றாராம். மச்சான் வந்து சேர்வதற்குள் தாலி கட்டி, பந்தியும் முடிந்து, வாழைக்காய்க் கூட்டு மட்டும்தான் பாக்கி இருந்தது.

2024 ஜனவரியில் நம் கூடலூரிலேயே நடந்ததே. ஊட்டிக்கு வந்துவிட்டு கர்நாடகாவுக்குத் திரும்பிய நண்பர்கள், மேப் காட்டிய குறுக்கு வழியில் போய், ஜனங்கள் ஏறி இறங்குகிற படிக்கட்டில் காரை இறக்கிவிட்டார்கள். வீடியோ சிரிப்பாய்ச் சிரித்தது. அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே கொண்டு போயிருந்தது. மேப்புக்கு அது தெரியாது. அந்த வழியே போன கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் செத்துப்போனார்கள்.

அதைப் படித்ததிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலம் வருகிற எந்த வழியாக இருந்தாலும் முதலில் டீக்கடையில் ஒரு வார்த்தை. "அங்கிட்டு தண்ணி போகுதாண்ணே?" 'முட்டளவு போகுது, போகாதீக' என்று அவர் சொன்னால் சொன்னதுதான். எந்த சாட்டிலைட்டும் முட்டளவு சொல்லாது!

தை, மாசியில் வேறு கதை. அந்த இரண்டு மாசமும் எங்கள் ரோட்டில் என்ன இருக்கும் என்று மேப்புக்குத் தெரியாது, ஆனால் ஊருக்கே தெரியும். பாதி ரோட்டை அடைத்துக் குதிரைவாலி. கொஞ்சம் தள்ளி கம்பு. அப்புறம் உளுந்து. இன்னும் தள்ளி கொத்தமல்லி. அந்த வாசனைக்காகவே வண்டியை ஸ்லோ பண்ணலாம். யானை கட்டிப் போரடித்த நாடு என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவார்கள். இப்போது யானையும் இல்லை, மாடும் இல்லை. பல்சர் கட்டித்தான் போரடிக்கிறோம்!

ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. சூப்பர் மார்க்கெட்டில் பளபளா பாக்கெட்டில், டயட் இருக்கிறவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்களே குதிரைவாலி, அதில் என் எம்.ஆர்.எஃப். டயரின் உழைப்பும் கொஞ்சம் இருக்கலாம். சம்பளம்தான் யாரும் கொடுக்கவில்லை.

காரில் போகிறவர்களுக்கு வேறு பயம். காய்ந்த செடி அடியில் போய் சுற்றிக்கொண்டு, சூட்டில் பற்றிக்கொள்ளும். கர்நாடகாவில் ரோட்டில் போட்ட கொள்ளுச் செடியால் அப்படிக் கார் எரிந்த வீடியோவும் வந்திருக்கிறது. பைக்காரனுக்கு வழுக்கல். மணி உதிர்ந்து கிடக்கும்போது பிரேக் பிடித்தால் சறுக்கு மரம்தான். ஆனால், உண்மையான வில்லன் இவை எதுவுமில்லை. கல்!

தானியத்தின் மேல் யாரும் வேகமாக ஏற்றிவிடக் கூடாதே என்று சுற்றிலும் பாறாங்கல் வைப்பார்கள். ராத்திரி குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போட்டு, அதைச் சுற்றியும் கல். தார் ரோடும் கறுப்பு, தார்ப்பாயும் கறுப்பு, கல்லும் கறுப்பு. வெள்ளையாக இருப்பது எதிரே வருகிறவர் போட்டிருக்கும் ஹைபீம் மட்டும்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம். ஆபீஸில் எனக்கு அடுத்த சீட்காரர், ஆடிட் வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே லாரி வெளிச்சம். கண் கூசி ஓரமாக ஒதுங்கினார். முன் சக்கரம் கல்லில் ஏறியது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. தோள்பட்டை எலும்பு போச்சு. இரண்டு மாசம் கட்டு.

யார் முதலில் ஓடி வந்தார்கள் தெரியுமா? குதிரைவாலிக்குக் காவலாகப் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த விவசாயிதான். அவரே தூக்கி உட்காரவைத்து, அவரே 108-க்கு போன் போட்டு, ஆம்புலன்ஸிலேயே ஏறி வந்து, விடிய விடிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடிபட்டவருக்கு என்ன ஆகுமோ என்று பாதி பயம். கேஸ் ஆகிவிடுமோ என்று பாதி பயம்.

ஆகியிருக்கலாம். பொதுவழியில் இடைஞ்சல் பண்ணினால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 283-வது பிரிவில் அபராதம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 285-வது பிரிவு. அபராதம் 5,000 ரூபாய் வரை. மானாவாரிக்காரரிடம் 5,000 ரூபாய் கேட்டால், ரோட்டில் கிடப்பதை மூட்டை கட்டி அப்படியே ஸ்டேஷனில் இறக்கவேண்டியதுதான்.

சீட்காரர் கேஸ் கொடுக்கவில்லை. அந்த மனுஷரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வெள்ளாமைய ரோட்ல போடுங்க, வேணாங்கல. இந்தக் கல்லை மட்டும் வைக்காம இருந்தா என்ன அண்ணாச்சி?"

எனக்கு அந்த அளவு பெருந்தன்மை கிடையாது. மறு வருஷம் அதே இடத்தில் வண்டியை நிறுத்திச் சண்டைக்கே போனேன். அன்றைக்கு இருந்தது அவருடைய அம்மா. தலையில் துண்டு, கையில் விளக்குமாறு.

"ஏன் ஆத்தா, போடுறதுக்கு வேற இடமே இல்லையா?"

"எங்கிட்டுப் போட? வீட்டு வாசல்ல போட்டா கோழி விடுமா? காட்டுல போட்டா பாதி வெடிப்புக்குள்ள போயிரும். ஆள் விட்டு அடிச்சா கூலிக்கே காணாது. ரோடுன்னா நல்லா சூடா இருக்கு. நீங்க எல்லாரும் சும்மாதான போறீக, மிதிச்சுட்டுப் போனா என்னவாம்?"

"களம் ஒண்ணு கட்டிக் குடுத்திருக்காங்களே?"

"அதுல யாரோ மணலக் கொட்டி வச்சுருக்காக. நீதான் ஆபீசுல வேல பாக்குறீயே, அள்ளச் சொல்லேன்!"

நான் பேசாமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

அன்று ராத்திரி இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தானா? இல்லையாம்! சீனாவில் ஹெனான் பக்கம் கோதுமையையும் மக்காச்சோளத்தையும் நெடுஞ்சாலையில் காயப்போடுகிறார்கள். போடக்கூடாது என்று அங்கேயும் சட்டம். அங்கேயும் போடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் நெல். அந்த ஊரில் ஒரு சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பையன்கள் விளையாடும் பாஸ்கெட்பால் கோர்ட்டில் பகலில் நெல் காயவைக்கிறார்கள். சிமென்ட் தளம் ஒன்றுதான், ஷிஃப்ட் இரண்டு! நம் ஊரில் கிரிக்கெட் பையன்கள் சம்மதிப்பார்களா என்பது சந்தேகம். லெக் சைடில் குதிரைவாலி கிடந்தால் ஃபீல்டிங்குக்கு யார் போவது?

இந்தத் தை மாசம் மறுபடி அந்த இடத்தைக் கடந்தேன். குதிரைவாலி இருந்தது. கல் இல்லை! உரச் சாக்கில் வைக்கோலைத் திணித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இடித்தால் சாக்குதான் விழும், ஆள் விழமாட்டான். மகன் செய்த ஏற்பாடாம். அடுத்த ஊரில் இன்னும் பாறாங்கல்தான். அவர்கள் பக்கத்தில் இன்னும் யாரும் விழவில்லை போலிருக்கிறது.

ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கிழவி விளக்குமாறைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"ஏய்யா, ஓரமா எதுக்குப் போற? நடுவுல ஏத்திப் போ. அந்தப் பக்கம் சரியா மிதிபடல."

ஏற்றினேன். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து குரல்.

"மறுக்கா ஒருவாட்டி திரும்பி வந்துட்டுப் போய்யா. புண்ணியமாப் போகும்!"

ஒருவாட்டி, மூணுவாட்டி ஆனது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். அப்புறம் என் பேன்ட் முழுக்க ஒட்டியிருந்த தூசி, துரும்பைப் பார்த்தார்.

"என்ன சார், காட்டு வேலைக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"ஆமா சார். பார்ட் டைம்!"