வீடு வாங்குமுன் ஆற்றைக் கேளுங்கள்!

"சொந்த வீடு எப்போ வாங்கப் போறீங்க?"

வாடகை வீட்டில் குடியிருக்கும் எந்தப் பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, காய்கறிக் கடை... எங்கே போனாலும் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். பாளையங்கோட்டையில் பதினெட்டு வருஷம் வாடகைக்கு இருந்த எனக்கு அந்தக் கேள்வியும் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். "பாத்துக்கிட்டே இருக்கோம்க்கா!"

2024 மாசி மாதத்தில் ஒருநாள் புரோக்கர் வந்து நின்றார். "அண்ணாச்சி, சிந்துபூந்துறையில ஒரு வீடு வந்திருக்கு. ஆத்தங்கரை. ஜங்ஷனுக்கு நடந்தே போயிரலாம். 34 லட்சம் சொல்லுதாவ. நாளைக்கு இருக்காது, பாத்துக்கிடுங்க!"

அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிந்துபூந்துறை, திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டித் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சின்ன இடம். நாலு எட்டு வைத்தால் படித்துறை. அந்தப் பக்கம் நடந்தால் ரயில்வே ஸ்டேஷன். பாலம் தாண்டினால் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். ஊருக்கு நடுவில் ஆற்றுக் காற்று! யாருக்குத்தான் ஆசை வராது?

வீடும் பார்க்க லட்சணமாக இருந்தது. பட்டாசல், இரண்டு அறை, அடுப்படி, புறவாசலில் ஒரு முருங்கை. சுவரெல்லாம் இளம்பச்சைப் பெயின்ட், வாசனைகூடப் போகவில்லை. நான் அடுப்படியில் நின்று, 'மிக்ஸியை இங்கே வைக்கலாம், அரிசி டின் அங்கே' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் இவர் வாசலில் நின்று புரோக்கர் கையில் பத்தாயிரத்தைக் கொடுத்தாகிவிட்டது. ரசீது? "நம்ம ஆளுதான!" என்றார்.

பக்கத்து வீட்டு ஆச்சி

தாகம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கப் போனேன். திண்ணையில் ஒரு ஆச்சி முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்தார்.

"அந்த வீட்டையா பாக்க வந்திய? உள்ள வாங்க தாயி" என்றவர், தண்ணீர்ச் செம்போடு என்னைத் தன் பட்டாசலுக்குள் கூட்டிப் போனார். சுவரைக் காட்டினார். சன்னல் கட்டைக்குக் கொஞ்சம் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, நாலு சுவரையும் சுற்றிப் போனது.

"ரெண்டாயிரத்து இருபத்து மூணு மார்கழியில தண்ணி நின்ன அடையாளம் இது. தொண்ணூத்தி ரெண்டுல வந்த வெள்ளத்துக்கு வாசப்படியோட திரும்பிட்டு. இந்தத் தடவ பிரிட்ஜு மெதந்துச்சு பிள்ளே! நாங்க மாடியில ரெண்டு நாள் கெடந்தோம். நான் பெயின்ட் அடிக்கல. அந்த வீட்டுக்காரவ அடிச்சிட்டாவ."

எனக்கு வியர்த்துவிட்டது. மறுபடி அந்த வீட்டுக்குள் போனேன். இந்தத் தடவை மிக்ஸி வைக்க இடம் பார்க்கவில்லை. கதவின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். மரம் ஊதி, பெயின்டுக்கு அடியில் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்விட்ச் போர்டுகள் எல்லாம் புதுசு, ஆள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அலமாரிக்குப் பின்னால் சுவரில் உப்புப் பூத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. சுவர் சொன்னதை பெயின்டால் மறைக்க முடியவில்லை!

ஆறு ஏன் வீட்டுக்குள் வந்தது?

தாமிரபரணி வற்றாத நதி என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை. அந்தச் சமயத்தில் மேலே உள்ள அணைகள் நிரம்பி வரும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி... இதுதான் முழுக் கொள்ளளவு. அணை நிறைந்த பிறகு பெருமழை பெய்தால் தண்ணீரைத் திறக்காமல் வழியில்லை. அதோடு கடனா நதியும் பச்சையாறும் சேர்ந்துகொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மலையிலும் மழை, கீழேயும் மழை. பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. இங்கே ஜங்ஷனும் மீனாட்சிபுரமும் சிந்துபூந்துறையும் கொக்கிரகுளமும் தண்ணீருக்குள் போயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் கரை தாண்டி மட்டும் வராது. ஆற்று மட்டம் உயர்ந்தால், ஆற்றில் போய் விழ வேண்டிய வாறுகால் தண்ணீர் திரும்பித் தெருவுக்கு வரும். கரை உயரமாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாததா? குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் சாமான்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. சாமிக்கே மேட்டில் ஒரு வீடு இருக்கிறது. நமக்கு வேண்டாமா?

"அவங்களுக்குத்தான் நகை போட்டாச்சே!"

தண்ணீர் ஒருபுறம் இருக்கட்டும், காகிதத்துக்கு வருவோம். இவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "தரையை உயர்த்திக் கட்டிக்கலாமே" என்றார். சரி என்று பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வாரிசுச் சான்றிதழ் எங்கே?"

வீடு, விற்பவரின் அப்பா பெயரில் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். விற்பவருக்கு இரண்டு தங்கைகள், வெளியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்து இல்லை. புரோக்கரைக் கேட்டால் சிரிக்கிறார். "அவங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் என்ன இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு வீட்டுக்கு மகள்தானே? அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அந்தத் தங்கைகள் கையெழுத்துப் போடவில்லை என்றால், நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவது நாமும் அவர்களும்தான். அதைவிட, இரண்டு பெண்களை ஏமாற்றிய வீட்டில் நான் எப்படிப் பால் காய்ச்சுவது?

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். பத்தாயிரம் போனது போனதுதான். புரோக்கர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

மேட்டுத் தெரு வீடு

ஒரு மாதம் கழித்து ஆச்சியிடமிருந்து போன். "ரெண்டு தெரு தள்ளி, மேட்டுல ஒரு டீச்சர் வீட்டக் குடுக்கப் போறாவ. புரோக்கர் இல்ல. வந்து பாருங்க தாயி!"

இந்தத் தடவை நான் வீட்டைப் பார்க்கும் முன்னால் தெருவைப் பார்த்தேன். நாலு வீட்டுப் பெண்களிடம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லாமல் கேட்டேன். நாலு பேரும் ஒரே பதில். "2023-ல மூணாவது படி வரைக்கும் வந்துச்சு. உள்ள வரல." வாசலில் ஐந்து படி!

விலை 40 லட்சம். முதல் வீட்டைவிட ஆறு லட்சம் கூட. "இரண்டு படிக்கா ஆறு லட்சம்?" என்று இவர் முணுமுணுத்தார். ஆமாம், அந்த இரண்டு படிக்குத்தான்! பத்திரச் செலவு வேறு. முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். வீட்டு விலையை மட்டும் நினைத்துக்கொண்டு போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். (2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. சின்ன மனை வாங்கும் சகோதரிகள் கவனிக்க!)

என் எட்டுப் பவுனைக் கழற்றிக் கொடுத்தேன். சிந்துபூந்துறைக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவே இருக்கிறதே சுலோசன முதலியார் பாலம், அதை 1843-ல் அவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். ஊருக்குப் பாலம் கட்ட அந்த அம்மா கொடுத்தார். என் வீட்டுக்கு நான் கொடுக்க மாட்டேனா? ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பத்திரத்தில் என் பெயரும் இருக்க வேண்டும். இருக்கிறது!

ஆற்றங்கரை வீட்டில் ஆரோக்கியம்

வெள்ளம் வந்து போன வீட்டில் ஈரம் சீக்கிரம் போகாது. சுவரில் பூஞ்சணம் பிடித்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு வாங்கும். அதனால் வாங்கிய உடனே பெயின்ட் அடிக்க அவசரப்படாமல், சன்னல்களைத் திறந்து போட்டுச் சுவரை நன்றாகக் காயவிடுங்கள். கிணறு, தொட்டி எல்லாவற்றையும் இறைத்துக் கழுவிக் குளோரின் போட்ட பிறகுதான் புழங்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். வெள்ளத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் உள்ளவர்கள் அதில் இறங்கவே கூடாது. இறங்கி, பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "வெள்ளத்தில் நடந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன்...

* கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது? விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரிடம் கேளுங்கள்.

* மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வாறுகால் எந்தப் பக்கம் ஓடுகிறது?

* வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவாகாத உயிலும் வாய்ப்பேச்சும் அதில் வராது.

* தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றிலும் அளவு ஒத்துப் போகிறதா? இடத்தின் எந்த மூலையாவது ஆற்றுப் புறம்போக்கில் விழுகிறதா? வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் இருப்பதால் இடம் சொந்தமாகிவிடாது.

* வாரிசுகள் எல்லாரும், முக்கியமாகப் பெண் மக்கள், கையெழுத்துப் போடுகிறார்களா?

* பேங்க் லோன் கொடுத்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். பேங்கில் எங்கள் பத்திரத்தைத்தான் புரட்டினார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

* பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், 'நம்ம ஆளாக' இருந்தாலும்!

* வெள்ளச் சேதத்துக்கும் சேர்த்து வீட்டை இன்ஷூர் செய்யுங்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி 2021 முதல் இருக்கிறது.

2024 ஆவணியில் பால் காய்ச்சினோம். அதே வருஷம் டிசம்பரில் மறுபடி ஆற்றில் வெள்ளம். குறுக்குத்துறைக் கோயில் மூழ்கியது. ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு வாசலில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடியும்போது முதல் படிகூட நனையவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு படிக்கு ஆறு லட்சம் குடுத்தது தப்பில்லட்டி" என்றார். அதைக் கேட்டதும் என் எட்டுப் பவுனும் திரும்பி வந்த மாதிரி இருந்தது!