பாலை வழியில் இருவர்

மலையேறுவோர் முதலில் ஏறுவர், களைத்தபின் இறங்குவர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலோ முதலில் இறக்கம், பின்னரே ஏற்றம். தென்விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்க வேண்டும். ஏறுவதற்கோ இறங்கிய நேரத்தைப்போல் இருமடங்கு ஆகும். கோடையில் பள்ளத்தின் அடியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆதலால் காலை 10 முதல் மாலை 4 மணி வரை நடப்பதைத் தவிர்க்குமாறு தேசியப் பூங்காத் துறையினர் எச்சரிக்கின்றனர்.

முதுகுச் சுமையோடு அங்கே செல்லும் தம்பதியர் அறிந்திருக்க வேண்டியவை சில. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆயினும் நீர் அனைத்தையும் ஒருவரே சுமத்தலாகாது. வழியில் பிரிய நேர்ந்தால் மற்றவர் கதி என்ன? வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உணவு கொள்ளாது நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவதும் ஆபத்தே. வெப்பம் மிஞ்சினால் அறிவு தடுமாறும். தடுமாறுபவரோ அதனை உணரார். அருகிருக்கும் துணையே பேச்சின் குழறலையும் நடையின் தள்ளாட்டத்தையும் கண்டு, நிழலில் அமர்த்தி, உடலை நனைத்துக் குளிர்விக்க வேண்டும். முன்னே விரைந்து சென்றவருக்கு இவை எங்ஙனம் புலப்படும்? ஆகவே மெல்ல நடப்பவரின் வேகமே இருவரின் வேகம்.

இல்லறத்தாரே, நம் வீடுகளிலும் ஒருவரது சோர்வை, அவர் வாய் திறக்குமுன் மற்றவர் காண்கிறோமா?