கணக்கர் ஆக வணிகவியற் பட்டம் வேண்டுமா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. எங்கள் வண்டிப்பெரியாரில் ஆறும் உண்டு, அளவும் உண்டு. ஊரை ஒட்டிப் பெரியாறு ஓடுகிறது. சுற்றிலும் உள்ள குன்றுகளில் தேயிலைத் தோட்டங்கள். கிள்ளிய கொழுந்து தராசில் ஏறும். கிலோ எத்தனை, அன்றைய பேர் விழுந்ததா இல்லையா என்பதை ஒருவர் ஏட்டில் குறிப்பார். அந்த ஏட்டில் உள்ள எழுத்தை நம்பியே லயத்து அடுப்புகள் எரிகின்றன.

நான் அத்தகைய லயத்தில் பிறந்தவன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று பட்டம் பெற்றேன். இன்று மதுரையில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் தொழிற்பயிற்சியில் இருக்கிறேன். "வரலாறு படித்தவனுக்குக் கணக்குத் தொழில் எப்படி வாய்த்தது? அதற்குப் பி.காம். வேண்டாமா?" என்று நம் சங்கத்து நண்பர் பலர் கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன்.

முதலில், இவ்வாசை எனக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் தாயார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பணிக்கொடைக் கணக்கு ஒரு தாளில் வந்தது. வேலை செய்த காலம் 29 ஆண்டு என்று அதில் இருந்தது. தொழிற்சங்கத்து அண்ணாச்சி ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கம்மா பேர் பதிந்தது எந்த மாதம்? நடுவிலே ஏழு மாதம் எங்கே போயிற்று?" என்றார்.

பணிக்கொடைக்கென 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி எளியது. நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாட் கூலி. மிச்சமுள்ள காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதையும் ஓர் ஆண்டாகக் கொள்ள வேண்டும். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு நாட்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 29 ஆண்டுக்கு 1,74,000. 30 ஆண்டுக்கு 1,80,000. என் தாயார் உழைத்தது 29 ஆண்டும் 7 மாதமும். ஆகவே அவருக்கு உரியது 30 ஆண்டின் தொகை. எழுதிக் கேட்டோம், திருத்திக் கொடுத்தார்கள். தாளை எழுதியவர் மீது எனக்குச் சினமில்லை. அவ்விதியை அவரும் அறிந்திலர் போலும். ஆனால் "ஒரு வரியிலே இவ்வளவாடா?" என்று என் தாயார் கேட்டது என் மனத்தை விட்டு அகலவில்லை. 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, பணிக்கொடையும் வைப்பு நிதியும் கைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் எங்கள் உறவினரிலேயே உண்டு. ஏட்டைப் படிக்கத் தெரிந்தவன் எங்களுக்குள் ஒருவன் இருக்க வேண்டும் என்று அன்று எண்ணினேன்.

இனி, பட்டம் வேண்டுமா என்னும் கேள்விக்கு வருவோம். இத்தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், இது கல்லூரியில் பிறந்ததன்று. பட்டறையில் பிறந்தது என்பது விளங்கும். இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494 ஆம் ஆண்டில் வெனிசில் அச்சேறிய நூலை எழுதிய லூக்கா பாச்சோலி ஒரு துறவி, கணித ஆசிரியர். 1854 இல் எடின்பரோ நகரத்துக் கணக்கர் கழகம் அரச பட்டயம் பெற்றது. "பட்டயக் கணக்காளர்" என்னும் பெயரின் வேர் அதுவே. அக்காலத்தில் இளைஞர்கள் மூத்த கணக்கரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, அவர் அலுவலகத்தில் அமர்ந்தே தொழில் கற்றனர். நம் நாட்டில் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றியபோதும் அவ்வழக்கம் தொடர்ந்தது. இன்றும் தொடர்கிறது. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். கணக்காளர் என்னும் தகுதியைத் தருவது நிறுவனத்தின் தேர்வும் பயிற்சியுமே.

இன்று நமக்குத் திறந்துள்ள வழிகள் மூன்று.

முதல் வழி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு. எப்பாடப் பிரிவில் படித்திருந்தாலும் அடித்தளத் தேர்வு எழுதலாம். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும், பொருளியல் என நான்கு தாள்கள். பின்னிரண்டும் விடையைத் தேர்ந்து குறிக்கும் தாள்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இதில் தேறி இடைநிலைக்குச் செல்வோர், கல்லூரிப் பட்டம் ஒன்றும் இன்றியே இறுதிவரை செல்லலாம்.

இரண்டாம் வழி, பட்டதாரிகளுக்கு. நான் சென்ற வழி இதுவே. வணிகவியற் பட்டதாரி 55 விழுக்காடும், பிற துறைப் பட்டதாரி 60 விழுக்காடும் பெற்றிருந்தால் அடித்தளத் தேர்வு இல்லாமலே இடைநிலைக்குப் பதிந்துகொள்ளலாம். இறுதியாண்டில் உள்ளோரும் தற்காலிகமாகப் பதியலாம். வரலாறோ தமிழோ தாவரவியலோ தடையன்று. அந்த 60 தான் தடை. ஆதலால் முதலாண்டு மாணவ நண்பர்கள் இவ்வெண்ணை இன்றே நினைவிற் கொள்க.

மூன்றாம் வழி, அடக்கவிலைக் கணக்காளர் ஆவது. ஒரு கிலோ தேயிலை செய்ய எவ்வளவு செலவாகிறது என்று பகுத்துக் காட்டுவோர் இவரே. அதற்குரிய நிறுவனம் 1944 இல் தோன்றி, 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. எத்துறைப் பட்டதாரியும் அங்கே நேரே இடைநிலையிற் சேரலாம்.

பட்டயக் கணக்காளர் வழியில் பதிந்தபின் நிகழ்வது என்ன? இடைநிலையில் இரு தொகுதிகள். தொகுதிக்கு மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40, தொகுதி முழுவதிலும் 50 விழுக்காடு பெறல் வேண்டும். இவ்விரண்டாம் நிபந்தனையை எளிதென எண்ணாதீர். முதல் முறை எனக்குக் கிடைத்தவை 52, 48, 46. ஒரு தாளிலும் தவறவில்லை, கூட்டினால் 146. வேண்டியது 150. நான்கு மதிப்பெண்ணில் தவறினேன்! நல்லவேளையாக, 2024 முதல் இத்தேர்வு ஆண்டுக்கு மும்முறை நடைபெறுகிறது. அடுத்த முறை தேறினேன். இரு தொகுதியும் தேறிய பின்னர் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி. 2023 இல் வந்த புதிய திட்டத்துக்கு முன்னர் அது மூன்றாண்டாக இருந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் சென்றபின் இறுதித் தேர்வு.

தடைகளையும் மறைக்காமற் கூறிவிடுகிறேன். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத இயலும். தமிழில் எழுத வழியில்லை. தமிழ் வழியில் வந்த எனக்கு முதல் மூன்று மாதமும் கணக்கு வருத்தவில்லை. ஆங்கிலச் சட்ட வாக்கியங்களே வருத்தின. ஒவ்வொரு பிரிவையும் படித்துத் தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பின்னர் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. ஆயின் அறை வாடகைக்கும் சோற்றுக்குமே அது போதாது. வண்டிப்பெரியாரிலிருந்து கோட்டயமோ மதுரையோ செல்லும் மாணவன் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நலம்.

வரலாறு படித்தது வீணாயிற்றோ என்று சிலர் இரங்குகின்றனர். இல்லை, நண்பர்களே! வகுப்பில் எம் ஆசிரியர் ஓயாது கேட்ட கேள்வி, "இதற்குச் சான்று எது?" என்பது. தணிக்கைக்குச் சென்ற முதல் நாளே என் மூத்தவர் கேட்டதும் அதுவே. உரம் வாங்கியதாக ஏட்டில் இருந்தால் பட்டியல் எங்கே? பட்டியல் இருந்தால் சரக்கு இறங்கிய பதிவு எங்கே? கல்வெட்டும் செப்பேடும் படித்தவனுக்கு இக்கேள்விகள் புதியன அல்ல.

பெண்களுக்கு இத்துறை ஏற்குமா என ஐயுறும் தங்கையர்க்கு ஒரு சொல். நம் நாட்டின் முதற் பெண் கணக்கர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். விடுதலைப் போரில் சிறை சென்ற அவர், 1933 இல் கணக்கர் தேர்வில் தேறினார். பின்னாளில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியக் குழுவுக்கே தலைமை ஏற்றார். சிறைக்கதவே தடுக்காதபோது வேறெது தடுக்கும்?

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். என் தாயார் அடுத்த லயத்து அக்காள் இருவரை அழைத்து வந்து, "தம்பி பார்த்துச் சொல்லும்" என்று அவர்கள் தாள்களை என் முன் வைத்தார். ஒன்று சரியாக இருந்தது. மற்றொன்றில் ஒரு மாதம் விடுபட்டிருந்தது. நான் இன்னும் தகுதி பெற்ற கணக்காளன் அல்லேன். கையொப்பமிட எனக்கு உரிமையில்லை. ஆயினும் பென்சிலால் ஒரு கோடிட்டு, எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நம் தோட்டத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் அப்பென்சிலைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அவர் எப்பட்டம் பெற்றவர் என்று அந்த அக்காள்மார் கேட்கமாட்டார்கள்.